என் கை தாழ்ந்திருந்தது

பத்தொன்பது சண்டை, பதினொன்றில் வெற்றி.
மீதி எட்டை ஒடார்ட்டே தானே சொல்லிவிடுவான்,
கேட்கும் முன்பே கடனை எண்ணி வைப்பவன் மாதிரி.
இடது புருவத்தில் தையல் விட்டுப்போன வெள்ளைக் கோடு.
எங்கள் வானொலியில் அவனுக்குக் கிடைத்தது
காலை ஐந்தே முக்கால், மரண அறிவிப்புகள்.
யாரும் கேட்டு வாங்காத நேரம்.

நாலு மணிக்கே வந்துவிடுவான்,
ஜேம்ஸ்டவுன் கலங்கரை விளக்கிலிருந்து ஓடிவந்த
ஈரம் சட்டையோடு.
நடைக்கூடத்தில் கயிறு தாண்டுவான்:
மூன்று நிமிடம், ஒன்று ஓய்வு, மறுபடி மூன்று.
"வாசிக்கப்போவது தாளையா, தாடையையா?" என்றேன்.
பதில் இல்லை.
மூச்சை எண்ணிக்கொண்டிருந்தான்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருப்பவள் நான்.
பொத்தான்கள், காதுக்கருவி, ஆறிப்போன மைலோ.
ஒன்பது வருடமாக இதை
உட்கார்ந்து செய்யும் வேலை என்றே நினைத்திருந்தேன்.

ஜனவரி. ஹர்மட்டான் காற்று, எல்லார் தொண்டையிலும் பாலைமண்.
அன்று இருபத்துமூன்று பேர்.
பதினேழாவது பெயர் நா அஜேலி, ஓசு, மீன் வியாபாரம்.
அவன் வாசித்தது
நா அஜோர்கோர்.
தங்கை. உயிரோடு இருப்பவள்.

ஏழரைக்கு அவள் நேரிலேயே வந்தாள்,
முன்துணியில் செதில், கையில் எண்ணெய் சொட்டும் கரண்டி.
"எங்கே, என்னைச் சாகடித்தவன்?"
சந்தில் இவளைப் பார்த்த வாடிக்கைக்காரி
கெங்கேயைக் கீழே போட்டுவிட்டு ஓடினாளாம்.
அக்காவுக்கு இன்னும் அழுதே முடியவில்லை,
அதற்குள் என்னையும் அழ வைத்துவிட்டீர்களே என்றாள்.
காவலாளி சிரித்துவிட்டார்.
நானும்தான்.

ஒடார்ட்டே எழுந்து நின்றான்.
எழுத்து கிறுக்கல் என்று சொல்லியிருக்கலாம்.
அது என் கையெழுத்து.
சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்க முடியாது.
"என் கை தாழ்ந்திருந்தது" என்றான்.
அவளுக்கு விளங்கவில்லை.
இரண்டு முஷ்டியையும் கன்னத்தருகே உயர்த்தினான்,
இப்படி இருந்திருக்கணும்,
மெல்ல மார்புவரை இறக்கினான்,
இப்படி இருந்தது.
கரண்டியைப் பிடித்திருந்த அவள் கையும்
கூடவே இறங்கியது.

மறுநாளிலிருந்து மூன்றரைக்கு வந்தான்.
முந்தின இரவே வீடு வீடாகத் தொலைபேசி:
"நீங்கள் அவரை எப்படிக் கூப்பிடுவீர்கள்? ஒருதரம் சொல்லுங்கள்."
டேஷியில் ஒரு தாய் சொல்ல ஆரம்பித்து நிறுத்தவே இல்லை,
மகன் பெயரை, நாற்பது தரம், ஐம்பது தரம்.
இவன் வைக்கவில்லை. கைப்பேசி சூடாகிவிட்டது.

கயிற்றை வீசிவிட்டு, இளைப்பு ஆறுவதற்குள்
பட்டியலை எடுத்து வாசிப்பான்.
ஏன் ஓய்ந்தபின் வாசிக்கக் கூடாது என்று கேட்டேன்.
"பன்னிரண்டாவது சுற்றில்தான் வாய் உளறும்.
அங்கேயே போய்ப் பழகணும்."
ஒரு பெயர் தடுக்கினால் முதலிலிருந்து.
நான் இப்போதெல்லாம் தட்டச்சு செய்கிறேன்,
பெரிய எழுத்தில், வரிக்கு ஒருவராக.
அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

மார்ச்சில் ஒருநாள் பாதியில் மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் இருமிவிட்டுச் செத்தது.
ஒலிபரப்பு இல்லை, சிவப்பு விளக்கு இல்லை,
கண்ணாடிக்கு அப்பால் கைப்பேசி வெளிச்சத்தில்
அவன் உதடு மட்டும் அசைகிறது.
கதவைத் திறந்து சொன்னேன்: "யாருக்கும் கேட்காது, விடு."
ஒரு விரலை உயர்த்தினான். இன்னும் நான்கு பேர்.
நின்றபடியே கேட்டேன்.
ஆறு ஐம்பதுக்கு மின்சாரம் வந்ததும்
தலைப்பிலிருந்து மறுபடி தொடங்கினான்,
அந்தச் சுற்று கணக்கில் சேராது என்பதுபோல.

வெள்ளிக்கிழமைகளில் பழைய செய்தித்தாளில் சுற்றி
பொரித்த மீன் வருகிறது, காவலாளி கையில்.
எண்ணெய்க் கறைமேல் பேனாவால்
ஒரே வரி, ஒவ்வொரு வாரமும்:
"இன்னும் இருக்கிறேன். அஜோர்கோர்."
அவன் அதைச் சத்தமாக வாசிக்கிறான்,
பெயரை இரண்டு தரம்,
பிறகுதான் தலையைப் பிய்க்கிறான்.